இருபதுக்கு நாற்பத்து மூன்று

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு, கட்டட ஒப்பந்ததாரர் அந்தப் பொறியாளரை முதன்முதலாகச் சந்தித்தார். இடம் கான்கிரீட் பரிசோதனைக் கூடம். நசுக்கும் இயந்திரத்தின் அருகே உடைந்த கான்கிரீட் கட்டிகள் குவிந்து கிடந்தன. பொறியாளருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'தராசு'. சொந்தத் தம்பி அனுப்பிய கட்டியையே தகுதியில்லை என்று தள்ளியவர் அவர்.

ஒப்பந்ததாரர் கட்டும் பள்ளிக்கூடத்தின் தூண்களுக்குக் கலந்த கலவையிலேயே மூன்று கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டு நாள் நீரில் ஊறவைத்து, நசுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. தூணுக்குத் தேவையான வலிமை இருபது மெகாபாஸ்கல்.

"இருபது கேட்டோம். நாப்பத்தி மூணு குடுத்திருக்கீங்க. தூணுக்கும் இதே தாராளம்தானா?" என்றார் தராசு.

"நல்லா வந்தாலும் குத்தமா சார்?"

"குத்தமில்ல. சந்தேகம். தூணைத் துளைச்சு மாதிரி எடுக்கணும்னு மூணு மணிக்கு எழுதப்போறேன், அதுல மாத்தமில்ல. அதுக்குள்ள நீங்களா ஏதாவது சொன்னா, நீங்களா சொன்னதா எழுதுவேன். நான் கண்டுபிடிச்சா, நான் கண்டுபிடிச்சதா எழுதுவேன். ரெண்டுமே உண்மையாத்தான் இருக்கும்."

ஒப்பந்ததாரர் தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வேலையை மேற்பார்த்த மைத்துனன் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கட்டிக்கு மட்டும் ரெண்டு சட்டி சிமென்ட் கூடப் போட்டேன் மாமா. எல்லாரும் செய்றதுதானே."

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா. இருபத்தி மூணோட நிறுத்தத் தெரியலையா உனக்கு?"

"வாயைத் திறக்காதீங்க. லைசென்ஸ் போயிடும்."

பதினெட்டு ஆண்டுகள் காப்பாற்றிய உரிமம் அது. போனால் அவர் யாரிடமோ கூலிக்குத்தான் நிற்க வேண்டும். ஆனால் அவரை அரித்தது வேறொன்று: அந்தத் தூண்களின் உண்மையான வலிமை என்னவென்று கட்டிய அவருக்கே தெரியாது. அவற்றின் மேல் இரண்டு மாடி வகுப்பறைகள் ஏறப்போகின்றன. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்து உள்ளே போனார்.

"கட்டி வேற கலவை சார்," என்றார்.

"உட்காருங்க," என்று சொல்லிவிட்டுத் தராசு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "அதையே உங்க கையால எழுதுங்க."

தூணிலிருந்து துளைத்து எடுத்த மாதிரித் துண்டு பதின்மூன்றுதான் காட்டியது. ஆறு தூண்களுக்கும் புதிதாகக் கம்பி கட்டி, சுற்றிலும் கனம் கூட்ட வேண்டியதாயிற்று. உரிமக் குழு அறிக்கையைப் படித்தது. 'ஒப்பந்ததாரர் தாமாகவே தெரிவித்தார்' என்ற ஒரே வரிக்காக எச்சரிக்கையோடு விட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்துத் தராசின் வீட்டுக் கூரை ஒழுகுவதாகக் கேள்விப்பட்டு, ஒப்பந்ததாரர் ஆட்களோடு போய் நின்றார்.

"உங்க வேலையைச் சோதிக்கிறவன் நான். நீங்க என் கூரையில ஏறலாமா?" என்று கேட்டுத் தராசு தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பினார்.

தராசு ஓய்வு பெற்ற பிறகும் ஒப்பந்ததாரர் ஒருமுறை போனார்.

"இப்பதான் ரிடையர் ஆயிட்டீங்களே சார்."

"நான் ஆயிட்டேன். உங்க கட்டடத்துல நான் போட்ட கையெழுத்து இன்னும் ஆகலையே."

அந்தக் கூரை ஒழுகலைத் தராசுக்கு முன்பின் தெரியாத ஒரு கொத்தனார் வந்து அடைத்தார். மூன்றாம் முறை போகவும் ஒப்பந்ததாரருக்கு ஆசைதான். இந்தமுறை கூப்பிட்டால் போகலாம் என்றிருந்தார்; ஆனால் தராசு கூப்பிடவே இல்லை.