இல்லாத பனியன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பனியன் நகரமான எங்கள் ஊரின் ராயபுரத்தில் எங்கள் தொழிற்சங்கம் ஏற்பாடு செய்த தனிநபர் நாடகத்தில் நடிக்க வந்திருந்தார் ஒரு நடிகர். ஒல்லியான ஆள், முன்வழுக்கை. யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்ப்பார். டீ கொடுத்த என் கையையும் அப்படிப் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மேடையில் அவர், வீடில்லாமல் தெருவில் கிடக்கும் மனம் பேதலித்த பெண். பேச்சே இல்லை. வெறுங்கையால் எதையோ உதறினார், அதன் கழுத்தைப் பார்த்தார், அக்குள் தையலைத் திருப்பினார், பிசிறு நூலை வெட்டி மடித்து வைத்தார். மறுபடியும் உதறினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நான் செய்யும் செக்கிங் வேலை அது. ஓர் அசைவுகூடப் பிசகவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினேன். "ஏனுங்க, செக்கிங் வேலை எங்கீங்க பழகுனீங்க?"

"கம்பெனிக்குள்ள நான் போனதே இல்லீங்க. நீங்க எந்தக் கம்பெனிங்க?"

சொன்னேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க கேட்டுக்கு எதுத்தாப்பல ரோட்டோரமா ஒரு அம்மா உக்காந்திருக்குமுங்களே, அந்தம்மாகிட்டத்தானுங்க."

நான்கு வருடமாக அவளைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வெறுங்கையை உதறி ஈ விரட்டுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.