பாதியில் நின்ற பாட்டு

எழுபதுகளில் செங்கல்பட்டு மைதானத்தில் எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. மாமல்லபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த மீனவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் செம்பட்டையான தலைமுடி. பாட்டு தொடங்கினால் கை தானாகத் தொடையில் தாளம் போடும்.

கடைசிச் சரணத்தில் பாடகரை நிறுத்தினார்கள். பிரமுகர் ஒருவர் தாமதமாக வந்திருந்தார். மாலை போட்டுவிட்டு, அவருக்காக அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கூட்டம் வெட்கமில்லாமல் கைதட்டியது. மீனவர் எழுந்துவிட்டார்.

"உக்காருங்கண்ணா, இன்னொரு வாட்டி கேக்கலாமே," என்றேன்.

"இத்தினி நேரம் நமக்குப் பாடிக்கினு இருந்தது இன்னா, ஒத்திகையா?"

நிறுத்திய இடத்திலிருந்து அந்தச் சரணத்தைக் கத்திப் பாடிக்கொண்டே வெளியே போனார். சுருதி சுத்தமாக இல்லை. எனக்கு அந்தப் பாட்டு இன்றும் அவர் குரலில்தான் முடிகிறது.