இது குற்றாலத்தில் திருடியது

எந்த ஊர் லாட்ஜில் தங்கினாலும் குளியலறை வாளியை ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஐந்தருவி போகிற பாதையில் இருந்த ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஓர் எவர்சில்வர் வாளியில்தான் அந்த வாசகத்தை முதலில் படித்தேன். ‘இது குற்றாலத்தில் திருடியது.’ பாத்திரக் கடையில் பேர் வெட்டுவார்களே, அதே புள்ளிப் புள்ளியான எழுத்து. அடப்பாவிகளா, திருட்டுச் சாமானை வைத்தா லாட்ஜ் நடத்துகிறார்கள் என்று எனக்கு வெலவெலத்துப் போய்விட்டது.

வெட்டியவர் எங்கள் மேனேஜர் அண்ணாச்சி. முன்பெல்லாம் லாட்ஜின் பெயரைத்தான் வெட்டி வைத்திருந்தாராம். சீசனுக்கு வந்தவர்கள் அதைக் குற்றாலம் போய்வந்த ஞாபகார்த்தம் என்று ஆசை ஆசையாகப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். காணாமல் போனதையெல்லாம் முதலாளி இவருடைய சம்பளத்தில் பிடித்தார். மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பேர் வெட்டும் மிஷினைச் சொந்தமாகவே வாங்கி, வாளி, ஃபேன், கட்டில், பீரோ என்று கண்ணில் பட்டதிலெல்லாம் இதை வெட்டித் தள்ளினார். அதுவும் நட்டநடுவில். “எட்டி, மூலையில ஒளிச்சு எழுதினா எவனுக்குத் தெரியும்? எடுத்துட்டுப் போறவன் வீட்டுக்கு விருந்தாளி வந்தா வாசிக்கணும்லா?” என்பார். அப்புறம் ஒரு சொம்புகூட வெளியே போகவில்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம்.

பிறகு லாட்ஜ் கடனில் கைமாறியது. அண்ணாச்சிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க முதலாளியிடம் பணமில்லை. அறைச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்குச் சந்தோஷம்தான். ஒரே மகளுக்குச் செங்கோட்டையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசில்லை. பழையதை விற்று, மகளுக்குப் புதுசாக எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

தென்காசியிலிருந்து பழைய சாமான் கடைக்காரர் வந்தார். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், பீரோவைத் திறந்து பார்த்தார், கதவிலிருந்ததை வாசித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“இத எம் கடையில வச்சா போலீஸ்காரன் என்னையலா தூக்கிட்டுப் போவான்!”

“நாந்தான்லே எழுதினேன். என் கையால வெட்டுனது.”

“நீங்க சொல்லுதீக அண்ணாச்சி, நான் நம்புதேன். வாங்குதவன் நம்பணும்லா?”

பழைய இரும்பாக எடைக்குப் போடுவதானால் சரி என்றார் அவர். அண்ணாச்சியின் முகம் செத்துப்போனது. கட்டில்களையும் வாளிகளையும் எடைக்கே போட்டார். பீரோவை மட்டும் மகள் விடவில்லை. “இது எனக்கு இருக்கட்டும்பா” என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள்.

திருட்டுச் சாமானைச் சீராகக் கொடுத்தான் என்று சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை வந்துவிட்டால்? மகள் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து நடமாடுவாள்? அண்ணாச்சிக்கு அதே கவலை. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். எழுத்து பளபளவென்று இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பெயிண்ட் அடித்தோம். அப்போதும் வாசிக்க முடிந்தது. கடைசியில் என் யோசனைப்படி அதன்மேல் பெரிய மகாலட்சுமி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினோம். கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து, செங்கோட்டையில் குட்டியானை வண்டியிலிருந்து பீரோவை இறக்கினார்கள். கட்டியிருந்த கயிறு உரசி மகாலட்சுமி பாதி பிய்ந்து தொங்கியது. மாப்பிள்ளையின் அம்மா அதை ஒட்டிவிடப் போனவர், கீழே இருந்ததைப் பார்த்து, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி எழுத்துக் கூட்டி வாசித்தார். எனக்கு அங்கிருந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அண்ணாச்சி வாய் குழற, லாட்ஜ், வாளி, சம்பளப் பிடித்தம், மிஷின் என்று முன்பின்னாகச் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா மருமகளைப் பார்த்தார். அவள் கண் நிறைய நீரோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளில் கைபோட்டுப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“பீரோவ மட்டுமா அண்ணே? ஒத்தப் பிள்ளை வச்சிருந்தீக, அதையும்லா ஒங்க வீட்ல இருந்து நாங்க தூக்கிட்டு வந்திருக்கோம். சரியாத்தான எழுதியிருக்கீக. அது அப்படியே கெடக்கட்டும்.”

தாலி கட்டும்போதுகூட அழாத மனுஷன், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அம்மா அவர் பக்கத்தில் வந்தார்.

“அழாதீக அண்ணே. செங்கோட்டை என்ன சீமையிலயா கெடக்கு? நெனைச்சா நாளைக்கே வந்து பிள்ளையப் பாருங்க.”

மறுநாள் விடிந்ததும் அண்ணாச்சி முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறார்.