கொலுவில் உட்கார்ந்த சீனத்துப் பிள்ளைகள்

கொலு வைத்த பிறகு ஒரு பொம்மையைக்கூட எடுக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது. அந்தச் சட்டத்தால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்போது நாங்கள் கடல் கடந்து, எப்சம் என்ற ஊரில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. பள்ளியில் ஆளுக்கு ஒரு பழங்காலத்து ராஜாவைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வாய்த்தவர் சீனாவின் முதல் சக்கரவர்த்தி. அவருடைய மண் சிப்பாய்களை வகுப்பில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், யாருக்கும் தெரியாத அவருடைய பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன். இருபதுக்கு மேல் பிள்ளைகள். அப்பா செத்ததும் பட்டத்துக்கு வந்தவன் கூடப்பிறந்தவர்களைக் கொன்று தீர்த்தான். காவோ என்ற இளவரசன், தான் ஓடிப்போனால் குடும்பத்தைக் கொல்வார்களே என்று பயந்து, அப்பாவோடு தன்னையும் புதைத்துவிடும்படி தானே கேட்டுக்கொண்டான். பெண்பிள்ளைகளின் பெயரைக்கூட யாரும் எழுதிவைக்கவில்லை. சமையலறையில் நின்று இதையெல்லாம் நான் ஆங்கிலத்தில் கொட்ட, அம்மா வெங்காயம் நறுக்கியபடி ‘ம்’ கொட்டினாள்.

மெனக்கெட்டுக் களிமண்ணில் ஆறு பேரைச் செய்து வண்ணம் பூசினேன். வியாழக்கிழமை வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

அங்கே குளிர்காலம் ஆனி, ஆடியில்தான். அந்தக் குளிர்காலத்தில் எனக்கு ஒரு தங்கை வரப்போகிறாள் என்று சொன்னவர்கள், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியவர்கள் சொன்னதைச் செய்த லட்சணம் அப்படி. குளிர் விட்டதும் அம்மாவுக்குத் திடீரென்று கொலு வைக்கும் ஆசை வந்தது. சென்னையிலிருந்து மாமா கொண்டுவந்த பொம்மைகளில், வைக்கோல் சுற்றியவை எல்லாம், வைக்கோலை நாட்டுக்குள் விடாத சோதனையில் விமான நிலையத்தோடு நின்றுவிட்டன. மரப்பாச்சி ஜோடியும் ஒரு பிள்ளையாரும்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பள்ளியிலிருந்து வந்து பார்த்தால், நடுப்படியில் என் ஆறு பேரும் நெற்றியில் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்!

“வெச்சாச்சுடி. இனிமே எடுக்கக் கூடாது. விஜயதசமி கழிஞ்சு எடுத்துக்கோ” என்றாள் அம்மா. விஜயதசமி அடுத்த வாரம். அப்பாவிடம் ஓடினேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், “அம்மாகிட்ட கேளு” என்றார். அம்மாவைப் பற்றித்தானே புகார்!

மாலையில் ஊரின் மறுகோடி பாட்டனி டவுன்ஸிலிருந்து ஒரு மாமி வெற்றிலை பாக்குக்கு வந்தார். இவர்கள் யார் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். மாமி பதறிப்போனார். “ஐயையோ, கொலையானவாளையா படியில வெச்சிருக்கே? எடுத்துடும்மா, ஆகாது!” எனக்கு வாயெல்லாம் பல். மாமியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மா கடைசியிலிருந்த சின்னப் பெண் பொம்மையைக் காட்டி, “இவ பேர் என்ன?” என்று என்னைக் கேட்டாள். பெயரே தெரியாது, யாரும் எழுதிவைக்கவில்லை என்றேன்.

“இருக்கட்டும் மாமி. நம்ம வீட்டுக்கு வந்த கொழந்தைங்க” என்று சொல்லிவிட்டு, சுண்டல் கிண்ணத்தைப் பிள்ளையாரிடமிருந்து நகர்த்தி அந்தப் பொம்மைக்கு முன்னால் வைத்தாள். என் கடைசி நம்பிக்கையும் போயிற்று.

வியாழக்கிழமை, அப்பா அச்சடித்துக் கொடுத்த கொலுப் போட்டோவோடு வகுப்பில் போய் நின்றேன். இளவரசிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். சுண்டலை எப்படி விளக்குவது? மதிய உணவு என்றேன். வகுப்பே சிரித்தது. என் மானம் போயிற்று.

விஜயதசமி கழிந்தும் ஐந்து பேர்தான் என் கைக்குத் திரும்பினார்கள். அந்தச் சின்னவளை மட்டும் அம்மா மரப்பாச்சிகளோடு பட்டுத் துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். நான் செய்த பொம்மையை என்னைக் கேட்காமல் எப்படி எடுக்கலாம் என்று காட்டுக்கத்தல் கத்தினேன். அம்மா அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்து வயதில் எனக்குச் சீனத்து இளவரசர்களின் பெயரெல்லாம் அத்துப்படி. என் தங்கைக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.