பிணைக்கு வைத்த போத்தல்

தக்கையை என் கையில் தரமாட்டார் சீஃப். இரண்டு விரலால் பிடித்து மூக்குக்குக் கீழே நீட்டுவார். "மணந்து பாரும் மாஸ்டர். அவசரப்படாதையும். என்ன வருது?" என்பார். "டிங்சர்" என்பேன் நான், காயத்துக்குப் போடுவார்களே, அந்த மருந்து. "பிறகு?" "சாதாளை." கரையில் ஒதுங்கி வெயிலில் காய்ந்து கிடக்குமே, அந்தக் கடற்பாசியின் மணம். மூன்றாவதாக வருவதைச் சொல்ல எனக்கு யோசனையே தேவைப்படாது. நான் பிறந்த சண்டிலிப்பாயில் புகையிலையைக் குடிலில் தூக்கி, தேங்காய்ப் பொச்சுமட்டை எரித்துப் புகை போடுவார்கள். அந்த மணம் அப்படியே தக்கையில் இருந்தது. சீஃப் சந்தோசமாகத் தலையாட்டி, போத்தலை அடைத்து, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஒரு சொட்டும் கிடையாது.

பல வருடம் கப்பல்களில் தலைமை எஞ்சினியராக இருந்தவர் அவர். வல்வெட்டித்துறையில் அவருடைய பெயர் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எல்லாருக்கும் அவர் சீஃப்தான். நான் கலியாணம் கட்டி அந்த ஊருக்குப் போன இரசாயன வாத்தியார். அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தேன். ஸ்கொட்லாந்துக்காரனின் ஏதோ ஒரு தீவில், சேற்று நிலத்து மக்கிய மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை வாட்டி வடித்த விஸ்கி அது. ஓக் மரப்பீப்பாயில் பதினாறு வருடம் கிடந்தது. "சாராயம் குடிக்கிறவனுக்கு இதைக் காட்டுறது பாவம். உமக்கு மூக்கு இருக்கு" என்று சொல்லித்தான் என்னைப் பிடித்துக்கொண்டார். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்தப் போர்க்காலத்தில் சனிக்கிழமை பின்னேரம் ஒரு தக்கையை மணப்பதற்காக நான் வீடு தேடிப் போனேன் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாக இருந்தது.

"கரண்ட் வாற அண்டைக்கு உடைப்பம்" என்பதுதான் அவர் பேச்சு. கரண்ட் வரவில்லை. ஆனால் ஒரு பின்னேரம் போனபோது மேசையில் இரண்டு கிளாஸ் இருந்தது. ஊற்றினார். முதலில் மணக்கச் சொன்னார், பிறகு நாக்கு நனையுமளவு மட்டும். தேன் தடவின மாதிரி ஒரு இனிப்பு முதலில். விழுங்குவதற்குள் புகை மூக்கு வழியாக ஏறிற்று. தொண்டைக்குக் கீழே மிளகுச் சூடு, கடைசியில் உதட்டில் மெல்லிய உப்பு. கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு கிளாசில் விட்டார். "எங்கடை தண்ணி உப்புத்தான். அவன்ரை தீவிலையும் கடல் பக்கத்திலைதானே. கோவிக்கமாட்டான்" என்றார். தண்ணீர் பட்டதும் அது இன்னும் விரிந்தது. இனிமேல் எதைக் குடித்தாலும் இதோடு ஒப்பிட்டே பார்ப்பேன் என்று நினைத்தேன். போத்தலின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் மங்கல் வெளிச்சத்தில் எனக்கு வாசித்தும் காட்டினார்.

அதற்குப் பிறகுதான் கண்ணைப் பற்றிக் கதைத்தார். படலம் படர்ந்துவிட்டதாம், கொழும்பில் வெட்ட வேண்டுமாம். அப்போது குடாநாட்டை விட்டு வெளியே போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். போகிறவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பிணை நிற்க வேண்டும். வராவிட்டால் பிணை நின்றவர் எங்கேயும் போக முடியாது. சீஃபின் மனைவியும் பிள்ளைகளும் வெளிநாட்டில். அவர் திரும்பி வருவார் என்று பாஸ் கொடுக்கும் கந்தோரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஒரு வாத்தியாரின் சொல்லை நம்புவார்கள்.

நான் யோசிக்கவே இல்லை. ஓம் என்றேன். அவர் எழும்பிப் போத்தலோடு உள்ளே போய்ச் சற்று நேரம் நின்றார். திரும்பி வந்தபோது போத்தலின் வாயை மெழுகுதிரி உருக்கி மூடியிருந்தார். "நீர் எனக்குப் பிணை. இது உமக்குப் பிணை. மிச்சத்தை வந்து ரெண்டு பேருமாப் பாப்பம்" என்று என் மடியில் வைத்தார். கரும்பச்சைப் போத்தல், பாரமாகத்தான் இருந்தது. உயிரையே விட்டாலும் இதை விட்டுப் போகமாட்டார் என்று என் மனைவிக்குச் சொன்னேன்.

அவர் வரவில்லை. கண் ஆற நாளெடுக்கும் என்று நானே எல்லாருக்கும் சமாதானம் சொன்னேன். ஊரில் என்னை "சீஃபின்ரை பிணை" என்று பகிடி பண்ணினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

கொழும்பில் தங்கச்சியோடு இருந்த அப்பா மோசம்போய்விட்டார், கொள்ளி வைக்க வரவேண்டும் என்ற செய்தி செஞ்சிலுவை ஆட்கள் மூலம் வந்தது. நான் அவருக்கு ஒரே மகன். சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன். அங்கே இருந்தவன் என்னிடம் படித்தவன். எழும்பி நின்றுதான் கதைத்தான். "சேர், உங்கடை ஆள் வந்தால்தான் நீங்கள் போகலாம். நான் என்ன செய்ய?" என்றான். அழுதேன். ஒரு மாணவனுக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன். அப்பாவுக்குத் தங்கச்சியின் புருசன் கொள்ளி வைத்தார். குடாநாட்டை விட்டுப் போகிற வழியான கிளாலிக் கடலை மற்றவர்கள் வள்ளத்தில் கடந்து போனார்கள். நான் மொட்டையடித்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, அந்த ஆள் கனடா போய்ச் சேர்ந்துவிட்டதாக அவருடைய மச்சான் வழியாகக் கேள்விப்பட்டேன். அவ்வளவு நாளும் நான் மெழுகை நகத்தாலும் தொடவில்லை. அவருடைய பொருள் என்று காத்தேன். அன்றைக்குக் கத்தியால் சுரண்டி எடுத்தேன், முழுவதையும் குடித்துத் தீர்ப்பதென்று. தக்கையை மணந்தேன். டிங்சர் இல்லை, சாதாளை இல்லை, புகை இல்லை. புளித்துப் பூஞ்சணம் பிடித்த பிளேன்ரீ, பால் விடாத வெறும் தேயிலைச் சாயம். கிளாசில் ஊற்றியபோது நிறம் மட்டும் சரியாக இருந்தது.

வராமல் விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். மனைவி பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குப் போக ஆருக்குத்தான் ஆசையில்லை? உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் தெரிந்துகொண்டே பிணை நின்றிருப்பேனோ என்னவோ. ஆனால் நான் வெளியே நாக்கில் அந்த ருசியோடு உட்கார்ந்திருக்க, உள்ளே நின்று போத்தலில் தேத்தண்ணியை வார்த்து மெழுகு வைத்த அந்தக் கையை என்னால் மன்னிக்க முடியவில்லை. நான் திறக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். என் நேர்மையை நம்பித்தான் என்னை ஏமாற்றினார்.

இப்போது கொழும்பில் மகளோடு இருக்கிறேன். மருமகன் விமான நிலையத்தில் அதே தீவு விஸ்கியை வாங்கி வருவார். நல்ல சாமான், அதில் குறை சொல்ல முடியாது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாசைத் தள்ளி வைத்துவிடுவேன்.

போன வருடம் ரொறன்ரோவிலிருந்து சீஃப் ரெலிபோன் எடுத்தார். குரல் தளர்ந்துபோயிருந்தது. முழங்கால் நோ, பனி, பேரப்பிள்ளைகள் என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தார். அப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில், "அந்தப் போத்தில் மாஸ்டர்... உடைச்சனீரே?" என்று கேட்டார்.

ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. "இல்லை சீஃப். நீங்கள் வருவியள் எண்டு அப்பிடியே வைச்சிருக்கிறன்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இறங்குவது கேட்டது.

"நல்லது, வைச்சிரும். வந்து ரெண்டு பேருமாக் குடிப்பம்" என்றார்.