உறுமியாக முனகிய ப்ரீசெட்

ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோடு அண்ணன் விழுந்தபோது முதுகுப்பையில் லேப்டாப்பும் இருந்தது. அண்ணன் பிழைத்தான், லேப்டாப் பிழைக்கவில்லை. கிள்ளானில் ஓர் உறுமி மேளக் குழுவுக்காக அவன் செய்துகொண்டிருந்த பாட்டின் கோப்பு மட்டும் என் மின்னஞ்சலில் தப்பிக் கிடந்தது. கருத்துக் கேட்டு எனக்கு அனுப்பியிருந்தான். நான் பதில் எழுதவில்லை, நேரில்தான் சொன்னேன்.

மருத்துவமனையிலிருந்து வந்தவனுக்குப் பேச்சு இருந்தது, கிண்டல்கூட இருந்தது. விபத்துக்கு முந்தைய சில வருடங்களின் நினைவு மட்டும் இல்லை. இசை செய்ததே நினைவில்லை. பாட்டைக் கேட்டால் ஏதாவது திரும்பலாம் என்று எனக்குத்தான் தோன்றியது. மருத்துவர், "முயற்சி செய்யலாம், ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார்.

வேலையைப் பிரித்துக்கொண்டேன்: இசை மென்பொருளை நிறுவுவது, அதற்குள் வாத்திய ஒலிகளைத் தரும் சிந்தசைஸர் செயலியை நிறுவுவது, கோப்பைத் திறப்பது. மூன்றும் நடந்தன. ஆனால் அடிநாதமாக பேஸ் வரவேண்டிய இடத்தில் லிஃப்ட் மணி போல ஓர் ஒலி வந்தது. அந்தப் பழைய சிந்தசைஸர், பாட்டுக்குள் ப்ரீசெட்டின், அதாவது முன்பே அமைத்துவைத்த ஒலியின், பெயரை மட்டுமே எழுதிவைக்கும். ஒலி வேறொரு தொகுப்பில் இருக்கவேண்டும். அந்தத் தொகுப்பை விற்றவரின் இணையதளம் மூடப்பட்டிருந்தது. மன்றங்களில் கிடைத்த சுட்டிகளும் செத்திருந்தன.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அண்ணனின் நண்பர், கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவர். கொம்யூட்டர் என்ற புறநகர் ரயிலில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாம்மா தங்கச்சி. அந்த சவுண்ட் பேக் நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குனதுலா. இங்கதான் எங்கேயோ கெடக்கும்," என்று ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தார்.

என் லேப்டாப்பில் நகலெடுத்து விரித்தேன். சிந்தசைஸருக்கு எதுவும் தெரியவில்லை. ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் உட்கார்ந்திருந்தது. உள்ளே இருந்ததை ஒரு படி மேலே நகர்த்தி மறுபடி தேடவைத்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. பாட்டைத் திறந்தேன், லிஃப்ட் மணி வரவில்லை.

பேஸ் வந்தது. கனமாக, சுத்தமாக, நேராக. வீட்டில் அண்ணன் வேலை செய்யும்போது பக்கத்து அறையிலிருந்து நான் கேட்டிருந்தது இது இல்லை. அது வளைந்த குச்சி தோலில் தேயும்போது உறுமி முனகுவது போல இருக்கும்.

நண்பர் சிரித்தார். உடனே சிரிப்பை நிறுத்தினார். "ஐயோ. ஒங்கண்ணன் புதுப் பேர் வைக்கமாட்டான்மா, சோம்பேறி. இருக்குற சவுண்ட உறுமி மாதிரி திருகித் திருகி, அதே பேர்லயே சேவ் பண்ணிருவான். எத்தன தடவ திட்டியிருக்கேன் தெரியுமா?"

"உங்ககிட்ட அவன் திருகினது இல்லையா?"

"எங்கிட்ட வாங்குனபடி இருக்கு. அவனோடது அவன் லேப்டாப்ல தானே."

நானும் திருகிப் பார்த்தேன். ஒலியை மழுக்கும் ஃபில்டர், சுரத்தை வழுக்கவைக்கும் கிளைடு, மறுபடி ஃபில்டர். பூனை கத்துவது போல வந்ததே தவிர உறுமி வரவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அப்படியே அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன்.

"என்னா இன்ஜினியர், எனக்கு டெஸ்ட்டா?" என்றபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். முடியும்வரை கேட்டான்.

"நல்லா இருக்குலா. யாரு போட்டது?"

"நீதான்."

"சும்மா சொல்லாத. நான் போட்டா பேஸ் இப்படியா போலீஸ்காரன் மாதிரி வெறைப்பா நிக்கும்? கொஞ்சம் அழும்."

இசை செய்ததையே மறந்தவனுக்கு அந்த அழுகை தெரிந்திருந்தது. குரல் மாறாமல், "எப்படி அழும்? பாடிக் காட்டு," என்றேன்.

கண்ணை மூடினான். அடித்தொண்டையில் ஒரு சுரத்தைப் பிடித்தான். அதை இழுக்கப் பார்ப்பது கழுத்தில் தெரிந்தது. சுரம் அசையவில்லை. மறுபடி முயன்றான். பிறகு என்னைப் பார்த்து, "என்னா கேட்ட?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்தான். பால் கலந்து மைலோ வேண்டும் என்றான். நான் போய்க் கலக்கினேன்.