பெட்டிக்கும் ஆயுத பூஜை

மரக்காணத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தேன். எனக்குச் சோறு போட்டது உப்புக் காற்று. அதுதான் ஊரில் உள்ள பம்ப் மோட்டார்களையெல்லாம் அரித்து என்னிடம் அனுப்பிவைக்கும். அப்படி வந்தவர்களில் பாதிப் பேரை என் வாய் திருப்பி அனுப்பிவிடும். மீதி நேரத்தில் நான் ஹாம் ரேடியோவில் உட்கார்ந்திருப்பேன். ஹாம் ரேடியோ என்றால் என்னவென்று யாராவது கேட்டால் என் மனைவி முந்திக்கொள்வாள்: "பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சம்பளம் இல்லாம, முகம் தெரியாதவங்ககிட்ட 'நான் பேசறது கேக்குதா'ன்னு கேட்டுட்டு இருக்கிறது." இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

2005இல் இந்தப் பைத்தியம் முற்றியதற்குக் காரணம் கோட்டக்குப்பத்து பாய். என் வயதுதான் அவருக்கும். வளைகுடாவில் கப்பல் ரேடியோ ரிப்பேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் பெட்டி நிறையப் போர்வையும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். இவர் பெட்டியைத் திறந்தால் வயரும் கனெக்டரும்தான். சுனாமி வந்த அன்று போன் எல்லாம் ஊமையாகிப்போனதிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம். கரை நெடுக பாக்கெட் ரேடியோ வேண்டும். சட்டைப் பாக்கெட்டில் வைப்பது அல்ல. கம்ப்யூட்டரில் நாம் தட்டுவதை மோடம் துண்டு துண்டாக்கிச் சத்தமாக மாற்றும், ரேடியோ அதை அனுப்பும், எதிர்ப்பக்கம் அது மறுபடி எழுத்தாகும். வடக்கே மாமல்லபுரம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு நண்பர் இருந்தார். அவருடைய சிக்னல் தெற்கே கோட்டக்குப்பம்வரை எட்டாது. நடுவில் மரக்காணத்தில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், அது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும், வேலை முடிந்தது.

முதலில் என் கடை மாடியில் வைத்தோம். ஒரு பக்கம் தென்னை மரங்கள், மறுபக்கம் வெல்டிங் பட்டறை. பட்டறைக்காரர் ஒவ்வொரு முறை கம்பியைத் தொடும்போதும் எங்கள் ரேடியோவுக்கு வலிப்பு வந்தது. "ஏம்பா, மரமே இல்லாத எடம் உங்க ஊர்ல கெடையாதா?" என்று பாய் கேட்டார். மரமே இல்லாத இடம் எங்களிடம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இருந்தது. உப்பளம்.

ஒரு உப்பளத்து மோட்டார் கொட்டகைக்கு ரிப்பேருக்காக அடிக்கடி போவேன். அந்த அளத்தை எடுத்து நடத்தியவர் ஒரு அக்கா. அதற்கு முன்பெல்லாம் அடுத்தவர் அளத்தில் உப்புக் கூடை சுமந்தவர். அந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொந்தப் பொறுப்பில் குத்தகைக்கு எடுத்திருந்தார். கொட்டகைமேல் கம்பம் நட இடம் கேட்டதும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு இதுல இன்னா பிரயோஜனம் தம்பி?"

"வடக்க மழை பேஞ்சா உடனே தெரிஞ்சிடும்க்கா. நான் ஓடியாந்து சொல்லிடுவேன்."

"அப்ப வெச்சுக்கோ. ஆனா சொல்லணும். இந்த வருஷத்து உப்பு போச்சின்னா நான் மறுபடியும் கூடைதான் தூக்கணும், பார்த்துக்கோ."

போன் பண்ணிச் சொன்னால் ஆகாதா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் ஊர் போன் லைன், மழையின் முதல் துளி விழுவதற்கு முன்பே மரியாதையாகச் செத்துவிடும். செல்போன் எல்லார் கையிலும் வர ஆரம்பித்திருந்தது. அளத்தில் டவர்தான் இல்லை.

இரண்டு இரும்புக் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாகச் சொருகி, உச்சியில் பாய் செய்த ஆன்டெனாவைக் கட்டி, நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து நிமிர்த்தினோம். இழுத்துப் பிடித்தது அக்காவின் ஆட்கள். நானும் பாயும் செய்தது, ஆளுக்கொரு திசையைக் காட்டிக் கத்தியது மட்டும். கீழே கொட்டகைக்குள் ரேடியோவையும் மோடத்தையும் ஒரு மரப்பெட்டியில் பூட்டி, பேட்டரியில் மாட்டினோம். ஸ்விட்சைப் போட்டதும் பெட்டி தொண்டை கட்டிய தவளைபோல 'கொர்ர்ர்' என்றது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இப்படிக் கத்தி, தான் உயிரோடு இருப்பதைச் சொல்லும். என் கடை ரேடியோவிலும் அந்தச் சத்தம் கேட்கும். அக்காவின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அலை வந்தா இது கத்துமா?" என்று ஒருவர் கேட்டார். சிரிக்காமல், இல்லை என்று பதில் சொன்னேன். அந்த வருஷம் அந்தக் கேள்வியை யாரும் விளையாட்டாகக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளிலேயே சிக்னல் மங்கியது. ஏறிப் பார்த்தால் உப்புக் காற்றில் கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெளிநாட்டு டேப்தான் சுற்ற வேண்டும் என்றார் பாய். மோட்டார் காயிலுக்குப் பூசும் வார்னிஷ் போதும் என்றேன் நான். வெயிலில் கம்பத்தடியில் நின்று சண்டை போட்டோம். கடைசியில் அவர் டேப்பின்மேல் என் வார்னிஷைப் பூசினோம். அதற்குப் பிறகு பச்சை பூக்கவில்லை. யாரால் பூக்கவில்லை என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் உப்பைக் குவித்துப் பனையோலை போட்டு மூடிவிடுவது வழக்கம். அக்காவின் கடைசிக் குவியல் மட்டும் திறந்தே கிடந்தது. பெரிய குவியல் அதுதான். லாரி வருவதாக இருந்தது. ஆனால் லாரிக்காரர் வண்டியைக் கழுவி மாலை போட்டு நிறுத்திவிட்டார். ஆயுத பூஜை. மறுநாள்தான் வண்டி எடுப்பாராம். ஒரு நாள்தானே, மூடி மூடித் திறப்பானேன் என்று அக்கா விட்டுவிட்டார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை, வெயில் சுள்ளென்று அடித்தது.

என் கடையிலும் பூஜைதான். வைண்டிங் மெஷினுக்குப் பொட்டு வைத்து, கட்டிங் பிளேயர்வரை எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்கவைத்திருந்தேன். பொரியும் சுண்டலும் சாப்பிட பாய் வந்திருந்தார். இரண்டாவது தட்டுச் சுண்டலில் கைவைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஏம்பா, உன் ரேடியோ ஏன் இவ்ளோ அமைதியா இருக்குது? நான் வந்ததுலேர்ந்து பெட்டி ஒரு தடவகூட கத்தலியே?"

எனக்குச் சுருக்கென்றது. யாரோ பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். திருடனை வழி நெடுகத் திட்டிக்கொண்டே பாயின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் தோளில் லேப்டாப் பை தொங்கியது.

கொட்டகைக்குள் பேட்டரி பத்திரமாக இருந்தது. அதன்மேல் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு சாமந்திப் பூ. பக்கத்தில் மண்வெட்டி, உப்பு வாரும் பலகை, கூடைகள், அவற்றோடு வரிசையில் எங்கள் பெட்டி. அதற்கும் மூன்று பட்டை விபூதி. பிடுங்கிய வயர்களை அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"யாருக்கா கழட்டுனது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு எந்த சாமானையாவது தொடுவாங்களா? வருஷம் பூரா கத்துன ஜென்மம், ஒரு நாளாவது படுக்கட்டுமேன்னு விட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு பாட்டம் கத்தியிருப்பேன். வாயைத் திறந்தபோது பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கடையில் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்த கட்டிங் பிளேயர் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வயரை மாட்டினேன்.

பெட்டி கத்தியது. பாய் லேப்டாப்பைச் சொருகுவதற்குள் மறுபடியும் கத்தியது. இம்முறை அது பேசியது வடக்கிலிருந்து வந்த செய்தியை. மாமல்லபுரத்து நண்பர் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அங்கே பேய் மழை, தெற்கே நகர்கிறது, கேட்டவர்கள் பதில் சொல்லவும்.

அக்கா வெளியே போய் வடக்கே பார்த்தார். அடிவானத்தில் மையால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்பு. ஆட்கள் யாரும் இல்லை, எல்லோரும் வீட்டில் பூஜையில் இருந்தார்கள். உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்ற பழமொழியைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றுதான் அதில் சிரிக்க எதுவும் இல்லை என்று தெரிந்தது.

மூன்று பேரும் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அக்கா குவியல்மேல் ஏறி நின்று ஓலையை வாங்கி வாங்கி அடுக்கினார். பாய் துவைத்து மடித்த வெள்ளை வேட்டியோடு முழங்கால்வரை உப்பில் நின்றார். உப்பு கால் வெடிப்பில் ஏறி எரிந்தது. காற்று திரும்பியது. நாங்கள் அடுக்கிய ஓலையே எங்கள் முகத்தில் அடித்தது. பாதிக் குவியல் மூடியிருக்கும், மழை வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு ஓலையும் நிற்கவில்லை.

கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். மூடாத பாதி, வெள்ளை குறைந்து குறைந்து சரிந்து, பாத்திக்கே திரும்பி ஓடியது. எனக்கு அழுகை வந்தது. கம்பம் நட வாங்கிய இடத்துக்கு வாடகையாக ஒரே ஒரு சொல்தான் கொடுத்திருந்தேன், அதுவும் இப்படியாகிவிட்டதே. அக்கா அழவில்லை. கண் கொட்டாமல் ஓலை போட்ட பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நின்றது. பெட்டி மறுபடியும் கத்தியது.

"இப்ப இன்னா சொல்லுது?"

"மழை அங்க வந்துடிச்சான்னு கேக்கறாருக்கா."

"வந்துடிச்சுன்னு சொல்லு. பாதி நின்னுடிச்சு, பாதி இருந்தா அளத்தை நான் உட மாட்டேன்னு சொல்லு." முந்தானையைப் பிழிந்துகொண்டே பாய் பக்கம் திரும்பினார். "பாய், இதுல தட்டுனா உங்க ஊட்டு கம்ப்யூட்டர்ல தெரியுமா?"

"தெரியும்மா. வீட்ல பார்த்துட்டுதான் இருப்பாங்க."

"அப்ப அவங்களுக்கும் சேதி அடிங்க. உங்க ஊருக்குப் பக்கத்துல முதலியார்சாவடி கரையில கருவாடு காயப் போட்டிருப்பாங்க. மழை இன்னும் அங்க போயிருக்காது. சீக்கிரம் அள்ளச் சொல்லுங்க."

பாய் ஈரக் கையை எதில் துடைப்பதென்று தெரியாமல், அப்படியே உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார்.